ஜனவரி, பிப்ரவரியில் வியன்னா, பிராக், புடாபெஸ்ட் போகலாமா?

கேள்வி: தில்லியில் வசிக்கிறோம். ஜனவரி, பிப்ரவரியில் விமான டிக்கெட்டும் ஹோட்டலும் மலிவாகக் கிடைப்பதால் வியன்னா, பிராக், புடாபெஸ்ட் மூன்றையும் பார்த்துவிட்டு வரலாம் என்று யோசனை. அம்மாவும் வருகிறார். அந்தக் குளிரில் போவது காசைக் கரியாக்கும் வேலையா?

பதில்:

தாராளமாகப் போங்கள். மயூர் விஹாரிலிருந்து நானும் மனைவியும் மாமியாரும் இதே மூன்று ஊர்களுக்குப் பிப்ரவரியில்தான் போய்வந்தோம். இன்னொரு முறை போவதானாலும் அதே மாதத்தில்தான் போவேன்.

நீங்கள் யாரிடம் கேட்டாலும் குளிரைச் சொல்லித்தான் பயமுறுத்துவார்கள். குளிருக்குக் கோட்டு இருக்கிறது. இருட்டுக்குத்தான் மருந்து கிடையாது. வியன்னாவில் ஜனவரி தொடக்கத்தில் சூரியன் காலை 7.45 வாக்கில் எட்டிப்பார்த்து, மாலை 4.10க்கெல்லாம் போய்விடும். பிராகிலும் இதே கதை. அங்கே கோட்டைக்குள் இருக்கும் அரண்மனை, தேவாலயம் எல்லாவற்றையும் குளிர்காலத்தில் 4 மணிக்கே பூட்டிவிடுகிறார்கள். ஹோட்டலில் ஆற அமரச் சாப்பிட்டுவிட்டுப் பதினொரு மணிக்கு வெளியே வந்தால் பார்க்க என்ன மிஞ்சும்? பிப்ரவரி நடுவில் அஸ்தமனம் ஐந்தேகாலுக்கு நகர்ந்துவிடும். கூடக் கிடைக்கும் அந்த ஒரு மணி நேரம் லேசுப்பட்டதல்ல.

அதனால் தை பிறக்கட்டும், பொங்கலைச் சாப்பிட்டுவிட்டே கிளம்புங்கள். டிசம்பர் கடைசி வாரத்தை ஆஃப் சீசன் என்று நினைத்துவிடாதீர்கள். கிறிஸ்துமஸ் சந்தைகளுக்காக ஊரே நிரம்பி, விலை உச்சாணிக் கொம்பில் இருக்கும். பிராகின் பழைய நகரச் சந்தை ஜனவரி 6 வரை நடக்கும். கூட்டம் கலைவது அதற்கப்புறம்தான். நம் பக்கத்திலும் ஒரு காரணம் உண்டு. ஜனவரி முதல் பாதியில் தில்லி மூடுபனி விமானங்களைப் படுத்தும் பாடு உங்களுக்குத் தெரியாததல்ல. குடியரசு தினத்தை ஒட்டிய நாட்களில் வேறு, முற்பகலில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் விமானங்கள் ஏறவோ இறங்கவோ விடமாட்டார்கள். பிப்ரவரி முதல் வாரத்தில் கிளம்பினால் இந்த இரண்டு தலைவலியும் இல்லை.

வெளிச்சம் இருக்கும்போது வெளியே, இருட்டிய பிறகு உள்ளே. நாளை இப்படிப் பிரித்துக்கொண்டால் போதும். வியன்னாவின் பெரிய கலை அருங்காட்சியகம், அதாவது குன்ஸ்ட்ஹிஸ்டோரிஷஸ், வியாழக்கிழமை இரவு 9 வரை திறந்திருக்கும். குளிர்காலத்தில் திங்களன்று விடுமுறை. ஷோன்ப்ரூன் அரண்மனைக்குக் காலையில் முதல் ஆளாகப் போங்கள். தோட்டத்தில் பூ இருக்காது, ஆனால் அறைகளை முட்டிமோதாமல் பார்க்கலாம். வாகாவ் பள்ளத்தாக்கில் டான்யூப் படகுப் பயணம் என்று யாராவது ஆசை காட்டினால் மறந்துவிடுங்கள், குளிர்காலத்தில் அந்தப் படகு ஓடாது. இயற்கைக் காட்சிக்கான மாதம் இது இல்லை. ஊரைப் பார்க்க வாருங்கள்.

ஓபரா, அதாவது பாடியே நடிக்கும் இசை நாடகம், இந்த மாதங்களில் முழு வீச்சில் நடக்கும். வியன்னா அரசு ஓபராவில் 400க்கும் மேல் நின்று பார்க்கும் இடங்கள் உண்டு, மிக மலிவு. உள்ளே போனதும் கம்பியில் உங்கள் ஸ்கார்ஃபைக் கட்டிவிட வேண்டும், அதுதான் இடம் பிடித்ததற்கு அடையாளம். கட்டிவிட்டுக் காபி குடிக்கப் போகலாம், யாரும் தொடமாட்டார்கள். (நம்மூர்ப் பேருந்து ஜன்னல் வழியே துண்டு போட்டுப் பழகிய நமக்கு இதை யாரும் சொல்லித்தர வேண்டாம்.) சாம்பல் புதனுக்கு (ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலம் தொடங்கும் நாள்) முந்தைய வியாழனன்று அங்கே பெரிய நடன விருந்து. அதற்கு முன் சில நாட்கள் ஓபரா கிடையாது, தேதியைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

துணி விஷயத்தில் தில்லிக்காரர்களின் கணக்கு அங்கே செல்லாது. இங்கே வீட்டுக்குள்ளும் வெளியிலும் ஒரே குளிர். ஸ்வெட்டர் மேல் ஸ்வெட்டர் போட்டு இரவு வரை அப்படியே இருப்போம். அங்கே வெளியே பூஜ்யம், கதவைத் திறந்து நுழைந்தால் 21 டிகிரி. மூன்று ஸ்வெட்டரோடு டிராமில் ஏறினால் வேர்த்துக் கொட்டும். மெல்லிய தெர்மல், ஒரு சட்டை, மேலே காற்றுப் புகாத ஒரே ஒரு கனமான கோட்டு, அவ்வளவுதான். காஷ்மீரி கேட் பக்கம் இருக்கும் மொனாஸ்டரி மார்க்கெட்டில் பேரம் பேசினால் நல்ல ஜாக்கெட் கிடைக்கும். ஷூவில் மட்டும் மிச்சம் பிடிக்காதீர்கள். அம்மாவுக்கு நீர் புகாத, அடிப்பாகம் வழுக்காத ஷூ கட்டாயம் வேண்டும்.

புடாபெஸ்டில் செசெனி வெந்நீர்க் குளத்தைத் தவறவிடாதீர்கள். 1913 முதல் இருக்கிறது, திறந்தவெளிக் குளங்கள் குளிர்காலத்திலும் உண்டு. ஈர உடம்போடு வெறுங்காலில் கதவிலிருந்து குளம் வரை நடக்கும் சில அடிகள்தான் சோதனை. இறங்கிவிட்டால் கழுத்துக்குக் கீழே சுகம், மேலே தலைமுடி கம்பியாக விறைக்கும். ஆவியில் எதிரே இருப்பவர் முகம் தெரியாது. செருப்பும் துண்டும் கொண்டுபோங்கள். அம்மாவுக்கு ரத்த அழுத்தமோ இதயத் தொந்தரவோ இருந்தால் டாக்டரைக் கேட்காமல் இறக்க வேண்டாம்.

சைவமென்றால் சூப்பில் உஷாராக இருங்கள், காய்கறி சூப்பிலும் இறைச்சிச் சாறு ஊற்றியிருக்கலாம். புடாபெஸ்டில் லாங்கோஷ் என்று எண்ணெயில் பொரித்த ரொட்டி கிடைக்கிறது, என் மாமியார் அதிலேயே காலம் தள்ளினார். வியன்னாவில் ஞாயிறன்று பெரிய ரயில் நிலையங்களில் இருப்பவை தவிரக் கடைகள் மூடியிருக்கும். சனிக்கிழமையே பாலும் தயிரும் வாங்கி வைத்துவிடுங்கள்.

வழி: புடாபெஸ்டில் இறங்கி, வியன்னா வழியாக, பிராகிலிருந்து திரும்புங்கள். முதல் ரயில் இரண்டே முக்கால் மணி நேரத்துக்குள், அடுத்தது நான்கு மணி நேரம். வந்த வழியே திரும்பும் அலைச்சல் மிச்சம். மூன்று நாட்டுக்கும் ஒரே ஷெங்கன் விசா போதும். எந்த நாட்டில் அதிக நாள் தங்குகிறீர்களோ அந்த நாட்டிடம் விண்ணப்பியுங்கள். பெரியவர்களுக்குக் கட்டணம் 90 யூரோ, விசா மையத்தின் கட்டணம் தனி. குறைந்தது 30,000 யூரோவுக்கு மருத்துவக் காப்பீடு வேண்டும். ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம் என்பதால், பிப்ரவரிப் பயணத்துக்கு நவம்பரிலேயே கொடுத்துவிடுங்கள். ரத்து செய்ய முடியாத ஹோட்டல் எவ்வளவு மலிவாக இருந்தாலும் விசா கைக்கு வரும்வரை தொடாதீர்கள்.