விதையில்லாத் திராட்சை மரபணு மாற்றப் பயிரா?

சகோதரி, விதையில்லாத் திராட்சை மரபணு மாற்றியதோ என்று பயந்து மகளுக்குக் கொடுக்காமல் இருப்பதாக எழுதியிருந்தீர்கள். தாராளமாகக் கொடுங்கள். நன்றாகக் கழுவி, சின்னப் பிள்ளை என்றால் நீளவாக்கில் நறுக்கி. அது இயற்கையாக வந்த மாற்றம்தான்: விதை உருவாகத் தொடங்கிப் பாதியிலேயே நின்றுபோகும். திராட்சைக் கொடியை எப்படியும் குச்சி நட்டுத்தானே வளர்க்கிறார்கள், விதை எதற்கு?

நம் நாட்டில் விவசாயிகள் பெரிய அளவில் பயிரிடும் மரபணு மாற்றப் பயிர், 2002இல் அனுமதி பெற்ற பிடி (Bt) பருத்தி ஒன்றே; புழுவைக் கொல்லும் ஒரு மண் பாக்டீரியாவின் மரபணுவைச் சேர்த்த பருத்தி அது. பிடி கத்தரிக்காயை 2010இல் நிறுத்திவைத்தார்கள். வங்கதேசத்தில் அது விளைகிறது. அப்புறம், பருத்தி சமையலறைக்குள் நுழைவது பருத்திக்கொட்டை எண்ணெயாக. அதுவும் வேண்டாமென்றால், அந்த எண்ணெய் சேர்ந்திருக்கிறதா என்று சிப்ஸ் பொட்டலத்தின் பின்பக்கம் இருக்கும் பொடி எழுத்தைப் படித்துப் பாருங்கள்.