அந்த அம்மா கேட்ட கேள்வி

கேள்வி: மார்த்தாண்டம் பக்கம் தடகளப் பயிற்சியாளராக இருக்கிறேன். சி.எஸ்.ஐ. சபையைச் சேர்ந்தவன். ஜெபத்தோடுதான் பிராக்டிஸ் தொடங்குவேன். என்னிடம் 17 வயதுப் பெண் ஒருத்தி 800 மீட்டர் ஓடுகிறாள். அப்பா ரப்பர் பால் வெட்டுகிறார், அம்மாவுக்கு அண்டி ஆபீஸில் (முந்திரி ஆலையில்) வேலை. அக்டோபரிலிருந்து ராத்திரிச் சோற்றைக் குறைக்கச் சொன்னேன். 50 கிலோ இருந்தவள் 46-க்கு வந்தாள். நேரமும் 2:26-லிருந்து 2:19 ஆனது, கர்த்தருக்கு ஸ்தோத்திரம். மாநிலப் போட்டியில் மெடல் வாங்க வேண்டும் என்று பொருத்தனை பண்ணி, இந்த லெந்து (தவக்கால) நாட்களில் என்னோடு சேர்ந்து அவளும் சாயங்காலம் வரை உபவாசம் இருக்கிறாள். பகலில் இரண்டு வேளை கருப்பட்டிக் காப்பி, ராத்திரி கஞ்சியும் பயறும். நாலு மாதமாக மாதவிலக்கு வரவில்லையே என்று அவள் அம்மா கேட்டார். ஓடுகிற பிள்ளைகளுக்கு இது சகஜம் என்று சொல்லி அனுப்பினேன். என் கேள்வி இதுதான்: ஃபைனல் ஞாயிற்றுக்கிழமை வருகிறது. ஓடினால் பாவம் என்கிறார்கள் சபையில் சிலர். அவளுக்கு என்ன சொல்ல? தைரியம் தரும் வசனங்களும் வேண்டும்.

– பெயர் வேண்டாம், குமரி மாவட்டம்

பதில்: ஞாயிற்றுக்கிழமைக் கேள்வி அப்புறம். அந்தப் பெண் இந்த மாநிலப் போட்டியில் ஓடக்கூடாது. சனிக்கிழமையும் கூடாது, திங்கட்கிழமையும் கூடாது.

ஒரு தாய் வெட்கத்தை விட்டு ஓர் ஆணிடம் வந்து, மகளின் மாதவிலக்கைப் பற்றிக் கேட்டிருக்கிறாள். படித்தவர், சபைக்காரர், பிள்ளையோடு ஜெபிக்கிறவர் என்று நம்பித்தானே வந்தாள்? நீங்கள் ஒற்றை வரியில் அனுப்பிவிட்டீர்கள். எனக்கு எழுதிய கடிதத்திலும் அதற்கு ஒற்றை வரிதான். சகஜம் என்ற அந்தச் சொல்லை யாரிடம் கேட்டுச் சொன்னீர்கள்? ஓடுகிற பெண்களிடம் அடிக்கடி பார்க்கிறோம் என்பதற்காக அது சரியாகிவிடாது. ஒழுங்காக வந்துகொண்டிருந்த மாதவிலக்கு மூன்று மாதம் நின்றாலே டாக்டரிடம் காட்ட வேண்டும். இங்கே நாலு முடிந்துவிட்டது.

உடம்புக்குள் நடப்பது இதுதான். சாப்பாட்டில் வருவதிலிருந்து ஓட்டத்துக்குச் செலவானது போக மிச்சம்தான் இருதயம், எலும்பு, மாதச் சுழற்சி எல்லாவற்றுக்கும். அந்த மிச்சம் குறைந்தால் மூளை முதலில் நிறுத்துகிறவற்றில் ஒன்று மாதவிலக்கு. ஈஸ்ட்ரோஜன் இறங்கும், எலும்பு மெலியும். அதுவும் எந்த வயதில்? வாழ்நாளுக்கான எலும்பின் பெரும்பகுதி 20 வயதுக்குள் சேர்ந்துவிடும். இப்போது இழப்பதை முழுதாகத் திரும்பச் சேர்ப்பது கடினம்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். 46 கிலோவில் கொழுப்பு போகச் சுமார் 38 கிலோ. அந்த 38-ல் ஒவ்வொரு கிலோவுக்கும், ஓட்டச் செலவு போக, நாளுக்கு 45 கலோரி மிஞ்ச வேண்டும். 30-க்குக் கீழே போனால் ஆபத்து. நீங்கள் எழுதிய காப்பி, கஞ்சி, பயறு எல்லாவற்றையும் தாராளமாகக் கூட்டினாலும் 1000 கலோரியைத் தாண்டாது. எட்டுக் கிலோமீட்டர் ஓடினால் அதில் 370 போய்விடும். மிஞ்சுவது கிலோவுக்கு 17. உபவாசம் தொடங்கியது லெந்தில்தான், மாதவிலக்கு நின்றதோ அதற்கு முன்பே. ஆகவே பிழை நீங்கள் குறைக்கச் சொன்ன ராத்திரிச் சோற்றிலேயே ஆரம்பித்துவிட்டது.

2:19-ஐக் காட்டி வாதாடாதீர்கள். எடை குறைந்த முதல் சில மாதங்களில் நேரம் குறைவதுண்டு. பயிற்சியாளர்கள் ஏமாறுவது அங்கேதான். பிறகு தூக்கம் கெடும், சளி விடாது, ஓட்டம் கனக்கும், எலும்பில் கீறல் விழும். அமெரிக்காவின் மேரி கெய்ன் 17 வயதில், 2013 மாஸ்கோ உலகப் போட்டியில், 1500 மீட்டர் ஃபைனல் வரை வந்தவர். எடையைக் குறைக்கச் சொல்லி நெருக்கியதில் மூன்று ஆண்டு மாதவிலக்கு இல்லாமல் போனது, ஐந்து எலும்பு முறிந்தது என்று 2019-ல் அவரே வெளியே சொன்னார். சர்வதேச ஒலிம்பிக் கமிட்டி 2014-லேயே இதற்கு ரெட்-எஸ் (ஓட்டத்துக்கு ஈடாகச் சாப்பாட்டுச் சக்தி கிடைக்காத நிலை) என்று பெயர் வைத்து அறிக்கை தந்தது, 2023-ல் புதுப்பித்தது. பிள்ளைகளுக்குப் பயிற்சி கொடுக்கிறவர் இதைப் படிக்காமல் இருப்பது கடமை தவறுவது.

இனிச் செய்ய வேண்டியது. இன்றிலிருந்து ஓட்டம் நிற்கட்டும். இந்த வாரமே பெண் மருத்துவரிடம் தாயும் மகளும் போகட்டும். கர்ப்பப் பரிசோதனையைத்தான் முதலில் கேட்பார்கள். அது எல்லாருக்கும் செய்வது, அவமானமாக எடுக்க வேண்டாம் என்று தாயிடம் முன்கூட்டியே உங்கள் மனைவி சொல்லட்டும். தைராய்டு, புரோலாக்டின், எஃப்.எஸ்.எச்., எல்.எச்., ஈஸ்ட்ராடயால், ஹீமோகுளோபின், ஃபெரிட்டின், வைட்டமின் டி – இவை பற்றி டாக்டரிடம் கேட்கச் சொல்லுங்கள். எடை குறைந்ததையும், ஓட்டத்தையும், உபவாசத்தையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் ஹார்மோன் மாத்திரையோடு திருப்பி அனுப்பிவிட வாய்ப்புண்டு. மாத்திரையால் வரும் உதிரப்போக்கு சுழற்சி திரும்பியதற்கு அடையாளம் ஆகாது. சாப்பாட்டுக் குறை அப்படியேதான் இருக்கும். முழங்காலுக்குக் கீழே முன்எலும்பை அம்மா விரலால் அழுத்திப் பார்க்கட்டும். நாணயம் அளவு ஓரிடத்தில் மட்டும் சுள்ளென்று வலித்தால் அதையும் காட்ட வேண்டும். தொடை இடுக்கில் வலி என்றால் ஒரு நாளும் தள்ளக்கூடாது. எலும்புக் கீறல் முதல் இரண்டு மூன்று வாரம் எக்ஸ்ரேயில் தெரியாமல் போகலாம். எக்ஸ்ரே சுத்தம் என்று மறுநாளே ஓடவிடாதீர்கள்.

சாப்பாட்டுக்குப் பெரிய செலவு வேண்டாம். காலையில் எழுந்ததும் ஒரு ஏத்தன் பழம். எட்டு மணிக்குள் புட்டும் பயறும், இரண்டு முட்டை. மத்தியானம் வயிறு நிறையச் சோறும் சாளை மீனும். சாயங்காலம் கப்பை (மரவள்ளிக்கிழங்கு), நிலக்கடலை, ஒரு டம்ளர் பால். ராத்திரி அக்டோபருக்கு முன் சாப்பிட்ட அதே சோறு, இன்னொரு டம்ளர் பால். ஒரேயடியாகத் திணிக்காமல் நாளுக்கு 300, பிறகு 500 கலோரி என்று ஏற்றுங்கள். சுழற்சி திரும்பப் பல மாதம் ஆகலாம். டாக்டர் அனுமதித்த பிறகு நடை, மெல்லோட்டம், வாரம் இரண்டு நாள் பலப் பயிற்சி. விட்டுவிட்டு வேகமாக ஓடும் இன்டர்வல் பயிற்சி கடைசியில். எல்லார் முன்னாலும் தராசில் ஏற்றி நிறுத்தும் வழக்கம் உங்கள் மைதானத்தில் இருந்தால் இன்றோடு முடியட்டும்.

பொருத்தனையை என்ன செய்வது என்று அவள் அழுவாள். எண்ணாகமம் 30-ஐ எடுங்கள். தகப்பன் வீட்டில் இருக்கிற இளம்பெண் பண்ணின பொருத்தனையை, தகப்பன் கேட்ட நாளிலே வேண்டாம் என்று தடுத்தால் அது நிலைநில்லாது, கர்த்தர் அவளுக்கு மன்னிப்பார் என்று எழுதியிருக்கிறது. அப்படியானால் அந்தத் தகப்பன் எங்கே? உங்கள் கடிதத்தில் அவர் பால் வெட்டுகிறார், அவ்வளவுதான். விடியுமுன் தோட்டத்துக்குப் போகிற மனிதருக்கு, மகள் பட்டினியாக ஓடுகிறாள் என்று யாராவது சொன்னார்களா? ஒரு வீட்டுப் பிள்ளையை நாற்பது நாள் பட்டினி போட, பெற்றவனைக் கேட்காமல் எந்தப் பயிற்சியாளருக்கும் உரிமை கிடையாது. எந்தப் போதகருக்கும் கிடையாது. கத்தோலிக்கத் திருச்சபைகூட 18 வயது ஆகாதவர்களுக்கு ஒருசந்தியைக் கடமையாக்கவில்லை. அதுவும் சாம்பல் புதன், பெரிய வெள்ளி இரண்டு நாள்தான், அன்றைக்கும் ஒரு வேளை முழுச் சாப்பாடு உண்டு.

வசனம் கேட்டீர்கள். 1 சாமுவேல் 14-ஐ அவளோடு உட்கார்ந்து வாசியுங்கள். யுத்த நாளில் சாயங்காலம் வரை ஒருவனும் சாப்பிடக்கூடாது என்று சவுல் ஆணையிடுகிறான், ஜனங்கள் சோர்ந்துபோகிறார்கள். யோனத்தான் கொஞ்சம் தேன் சாப்பிடுகிறான், அவன் கண்கள் தெளிகின்றன. என் தகப்பன் தேசத்தாரைக் கலக்கப்படுத்தினார் என்று அவன் சொல்வதையும் விடாமல் வாசியுங்கள். அந்த அதிகாரத்தில் நீங்கள் நிற்கிற இடம் எது என்று அவளுக்கு முன்பாகவே சொல்லி, மன்னிப்புக் கேளுங்கள். சரீரத்தை ஒடுக்கிக் கீழ்ப்படுத்துகிறேன் என்ற பவுலின் வசனத்தைப் பயிற்சியாளர்கள் எல்லாரும் சுவரில் எழுதி வைக்கிறீர்கள். வளர்ந்த ஆண்மகன் அவர், தன் சரீரத்தைப் பற்றிச் சொன்னார். அடுத்தவர் மகளின் சரீரத்தைப் பற்றிச் சொல்லவில்லை. உங்கள் உபவாசத்தை நீங்கள் தொடருங்கள். பிள்ளைகளுக்குத் தெரிய வேண்டாம்.

ஞாயிறு பற்றி: 1924 பாரிஸ் ஒலிம்பிக்கில் ஸ்காட்லாந்து ஓட்டவீரர் எரிக் லிடெல் 100 மீட்டர் ஹீட்ஸ் (முதல் சுற்று) ஞாயிறு என்பதால் விலகினார். கப்பலேறிய பிறகு எடுத்த முடிவல்ல அது. அட்டவணை பல மாதம் முன்பே தெரிந்தது, அதற்கேற்ப 400-க்குப் பயிற்சி எடுத்தார், 47.6 விநாடியில் தங்கம் வாங்கினார். ஆராதனையை விட்டுவிட்டு ஓடுவதை நான் ஒப்பமாட்டேன். அதிகாலை ஆராதனைக்குப் போய்விட்டு ஓடுவதைப் பாவம் என்றும் சொல்லமாட்டேன். அடுத்த ஆண்டு அட்டவணை வந்த அன்றே அவளும் பெற்றோரும் கூடி முடிவு செய்யட்டும். உங்கள் வேலை, அந்த முடிவுக்குத் தக்கபடி பயிற்சியை அமைத்துக் கொடுப்பது.

வரும் சனிக்கிழமை சாயங்காலம், தகப்பன் வீட்டில் இருக்கும் நேரம் பார்த்து, மனைவியைக் கூட்டிக்கொண்டு போங்கள். அந்த அம்மாவிடம் நேரே சொல்லுங்கள்: நீங்கள் கேட்டது சரி, நான் சொன்னது தப்பு. தகப்பன் தன் வாயால் "வேண்டாம் மக்ளே, சாப்பிடு" என்று அவளிடம் சொல்லட்டும். உங்களிடம் ஓடுகிற மற்றப் பெண்களின் அம்மாக்களிடமும் அதே வாரத்தில் உங்கள் மனைவி போய்க் கேட்கட்டும், கடைசியாக எப்போது வந்தது என்று.