வெனிஸில் எங்கே தங்குவது?

வணக்கம்.

நவம்பர் கடைசி வாரம் குடும்பத்தோடு இத்தாலி போகிறோம். நான், மனைவி, 11 வயது மகள், 72 வயது அம்மா. ஃப்ளாரன்ஸிலிருந்து ரயிலில் வெனிஸ் வந்து மூன்று இரவு தங்கிவிட்டு, மார்கோ போலோ விமான நிலையத்திலிருந்து ஊர் திரும்புகிறோம். இரண்டு பெரிய பெட்டிகள் இருக்கும். அம்மாவுக்கு மூட்டு வலி. மெதுவாக நடப்பார், படி ஏறுவதுதான் ஆகாது. அலுவலகத்தில் ஒருவர், சான் மார்கோ சதுக்கத்தை ஒட்டியே எடுங்கள், எல்லாம் பக்கம் என்கிறார். இன்னொருவர், மெஸ்த்ரேவில் பாதி வாடகைதான், ரயிலில் பத்து நிமிடம் என்கிறார். யார் சொல்வதைக் கேட்பது?

எஸ்., கோவை

அன்புள்ள எஸ்.,

இரண்டுமே உங்கள் அம்மாவுக்குச் சரிப்பட்டு வராது. கன்னாரேஜோ பகுதியில், சான் மார்குவோலா படகுத்துறையை ஒட்டித் தேடுங்கள். அங்கே அமையாவிட்டால் அதே பகுதியில் கா தோரோ துறைக்குப் பக்கத்தில்.

மற்ற ஊர்களில் அறை தேடும்போது, பார்க்கவேண்டிய இடத்துக்கு எத்தனை கிலோமீட்டர் என்று பார்ப்போம். வெனிஸில் பாலத்தைத்தான் எண்ண வேண்டும். ஊரில் நானூறுக்கும் மேல் பாலங்கள். பெரும்பாலானவை படிக்கட்டுப் பாலங்கள். ஒரு பக்கம் ஏறி மறுபக்கம் இறங்க வேண்டும். கார், ஆட்டோ, சைக்கிள் எதற்கும் வழி கிடையாது. கைபேசி வரைபடம் ‘ஏழு நிமிட நடை’ என்று காட்டும். அந்த ஏழு நிமிடத்துக்குள் நான்கு பாலங்கள் இருப்பதைச் சொல்லாது. பெட்டியை ஒவ்வொரு பாலத்திலும் தூக்கி, இறக்கி, திரும்பிப் போய் அம்மாவைக் கைபிடித்துக் கூட்டிவந்து பாருங்கள், அந்த ஏழு நிமிடம் அரை மணியாகும். ஆகவே விடுதிக்காரரிடம் முதலில் கேட்க வேண்டியது ஒன்றுதான்: உங்களுக்கு அருகிலுள்ள படகுத்துறை எது, அங்கிருந்து உங்கள் வாசல் வரை எத்தனை பாலம்? ‘ஒன்றுமில்லை’ என்று எழுத்தில் பதில் வந்தால் மட்டும் பணம் கட்டுங்கள். ‘சதுக்கத்துக்கு ரொம்பப் பக்கம்’ என்பது இந்தக் கேள்விக்குப் பதில் இல்லை.

சான் மார்குவோலாவைச் சொல்வதற்குக் காரணம் இதுதான். சாந்தா லூசியா ரயில் நிலையத்தை விட்டு வெளியே வந்தால் எதிரிலேயே பெருங்கால்வாய். அங்கே ஃபெரோவியா துறையில் 1-ஆம் எண் வாபொரெத்தோ (ஊர்ப் பேருந்து போல ஓடும் பயணிகள் படகு) பிடித்தால் இரண்டாவது நிறுத்தம் சான் மார்குவோலா. இறங்கி, தேவாலயத்தின் ஓரமாக உள்ளே போனால் ரியோ தெரா சான் லியோனார்தோ தெரு வரை பாலமே கிடையாது. பழைய வாய்க்காலைத் தூர்த்துப் போட்ட தெரு அது. அதனால்தான் அத்தனை அகலம், அத்தனை சமதளம். வரைபடத்தில் ‘ரியோ தெரா’ என்று தொடங்கும் தெரு எங்கே தென்பட்டாலும் அம்மாவுக்கு ஆகும் தெரு என்று குறித்துக்கொள்ளலாம். பழக்கடை, ரொட்டிக்கடை, சூப்பர் மார்க்கெட் எல்லாம் இந்தப் பக்கத்திலேயே உண்டு. சமையலறையோடு கூடிய வீடாக எடுத்தால் இரவு ஒரு ரசம் சோறாவது வைத்துக்கொள்ளலாம்.

சான் மார்கோ போக அதே 1-ஆம் எண் படகில் ஏறி சான் சக்காரியாவில் இறங்குங்கள். அரை மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூடவோ குறையவோ ஆகும். இருபுறமும் அரண்மனைகள், நடுவே ரியால்தோ பாலம். ஊரிலேயே பார்க்கவேண்டிய முக்கியமான காட்சி இந்தப் பயணம்தான். அதை அம்மா உட்கார்ந்தபடியே பார்த்துவிடுவார். காலையில் கூட்டம் சேருமுன் ஏறினால் இடம் நிச்சயம்.

கன்னாரேஜோவிலும் எல்லா மூலையும் நல்லதல்ல. ரயில் நிலையத்தை ஒட்டிய லிஸ்தா தி ஸ்பாஞ்ஞா தெருவில் குலியே பாலம் வரைக்கும் பாலம் இல்லை, நிலையத்திலிருந்து பெட்டியை உருட்டிக்கொண்டே போய்விடலாம். வேறெதுவும் கிடைக்காதபோது அது போதும். ஆனால் தெரு முழுக்கச் சுற்றுலாப் பயணிகளை நம்பிய கடைகள். அறை எடுத்தாலும் சாப்பாட்டுக்கு குலியே பாலத்தைத் தாண்டிவிடுவது நல்லது. வடக்கே ஓர்மெசீனி, மிசெரிகோர்தியா கால்வாயோரங்களில் இரவு வெகுநேரம் வரை மதுக்கடைகள் களைகட்டும். தண்ணீரில் பட்டுச் சத்தம் இரண்டு மாடி ஏறி வரும். அந்தக் கால்வாயைப் பார்த்த ஜன்னல் வேண்டாம்.

இனி சான் மார்கோ. வாடகை உச்சம், காய்கறிக்கடை அரிது, சந்துகளில் பாலம் அதிகம். நீங்கள் போகும் மாதத்துக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. இலையுதிர் காலத்திலும் குளிர்காலத்திலும் கடல் ஏற்றம் ஊருக்குள் புகும். ‘அக்வா அல்தா’ என்பார்கள். 2019 நவம்பர் 12 அன்று ஊரின் கடல்மட்ட அளவுகோலில் 187 சென்டிமீட்டர் வரை ஏறியது. 2020 அக்டோபர் முதல் மோசே தடுப்புக் கதவுகள் வேலை செய்வதால் அப்படியொரு வெள்ளத்துக்குப் பயப்பட வேண்டாம். ஆனால் அந்தக் கதவுகளை எழுப்புவது பொதுவாக 110 சென்டிமீட்டர் ஏற்றம் எதிர்பார்க்கும்போதுதான். சான் மார்கோ சதுக்கமோ ஊரிலேயே தாழ்ந்த இடங்களில் ஒன்று. 80 சென்டிமீட்டரைத் தாண்டினாலே அங்கே தண்ணீர் தேங்கத் தொடங்கும். இடைப்பட்ட அளவுக்கு நீர் ஏறும் நாளில் ஊரின் பெரும்பகுதி காய்ந்திருக்க, சதுக்கத்தில் மரப்பலகை மேடையில் வரிசையாக நடக்க வேண்டியிருக்கும். மூட்டு வலிக்காரருக்கு அது வேண்டாத வேலை. நீர் இரண்டு மூன்று மணி நேரத்தில் வடிந்துவிடும். விடுதி வேறிடத்தில் இருந்தால் அதுவரை அறையிலேயே இருந்துவிடலாம்.

மெஸ்த்ரேவைக் குறை சொல்வதற்கில்லை. அது நிலப்பரப்பில் இருக்கும் சாதாரண ஊர். அறை பெரிது, லிஃப்ட் இருக்கும், ரயிலும் பத்துப் பன்னிரண்டு நிமிடம்தான். நஷ்டம் வேறு இடத்தில். மூன்று நாளும் மத்தியானம் ஒரு மணிக்கு அம்மா களைத்துப்போவார். கன்னாரேஜோவில் அறை இருந்தால் படகில் திரும்பி, படுத்து எழுந்து, நாலரை மணிக்கு மறுபடி கிளம்பலாம். மெஸ்த்ரே என்றால் படகு, ரயில், நடை என்று போகவே ஒரு மணி நேரம். ‘பரவாயில்லை, உட்கார்ந்திருக்கிறேன்’ என்பார். உட்காரவும் வெனிஸில் பெஞ்சு குறைவு. காப்பிக்கடை மேசையில் உட்கார்ந்தால் நின்று குடிப்பதைவிட விலை கூடுதல். இப்படிப் போகிற பணத்தையும் நேரத்தையும் கழித்தால் அந்தப் பாதி வாடகை பெரிய மிச்சம் இல்லை.

மற்ற பகுதிகள் சுருக்கமாக. தோர்சோதூரோவில் சாத்தெரே கரை வெயில் விழும் அகலமான நடைபாதை, அம்மா நடக்க நல்ல இடம். ஆனால் சாந்தா மார்கெரிட்டா திடலைச் சுற்றி மாணவர் கூட்டம், நள்ளிரவு வரை இரைச்சல். காஸ்தெல்லோவில் கரிபால்தி தெருவும் தூர்த்த வாய்க்கால்தான், அகலமானது, உள்ளூர்க்காரர்கள் புழங்குவது. ரயில் நிலையத்திலிருந்து 1-ஆம் எண் படகில் முக்கால் மணி ஆகும் என்பதுதான் குறை. சான் போலோவில் ரியால்தோ சந்தையைச் சுற்றிய சந்துகள் பெட்டியோடு போகிறவர்களுக்கு ஆகாது.

முன்பதிவுத் தளத்தில் ‘வெனிஸ்’ என்று தேடினால் மெஸ்த்ரே, மார்கேரா எல்லாம் கலந்து வரும். அஞ்சல் குறியீட்டைப் பாருங்கள்: கன்னாரேஜோ 30121, காஸ்தெல்லோ 30122, தோர்சோதூரோ 30123, சான் மார்கோ 30124, சான் போலோ 30125, சாந்தா குரோச்சே 30135. 3017 என்று தொடங்கினால் அது நிலப்பரப்பு. வீட்டு எண்ணை மட்டும் வைத்துத் தேடாதீர்கள். எண்கள் தெருவாரியாக அல்ல, பகுதி முழுமைக்கும் ஓடுபவை. ‘கன்னாரேஜோ 1800’ என்றிருந்தால் அதற்குத் தெருப்பெயரையும் கேட்டு வாங்குங்கள்.

அடுத்தது மாடி. லிஃப்ட் உண்டா என்று கேட்டால் மட்டும் போதாது. தரையிலிருந்து அறைக்கு எத்தனை படி என்று கேளுங்கள். பழைய வீடுகளில் தரைத்தளத்துக்கும் முதல் மாடிக்கும் நடுவே தாழ்ந்த இடைத்தளம் ஒன்று இருக்கும். அதைக் கணக்கில் சேர்க்காமல் ‘முதல் மாடிதான்’ என்பார்கள். ஏறினால் நம்மூர் இரண்டாம் மாடி. சரி, தரைத்தளமே எடுத்துவிடலாம் என்றால் நவம்பரில் ஈரவாடை அடிக்கும். லிஃப்ட் உள்ள சிறிய ஹோட்டலே உங்களுக்கு உத்தமம்.

படகுக்கு ஆளுக்கு 72 மணி நேரச் சீட்டு வாங்கிவிடுங்கள். தனிச் சீட்டு 75 நிமிடத்துக்கு 9.50 யூரோ, 72 மணி நேரத்துக்கு 45. ஐந்து முறை ஏறினாலே போட்ட காசு வந்துவிடும். மகளுக்கு ரோலிங் வெனிஸ் அட்டை எடுங்கள், 6 முதல் 29 வயது வரை உள்ளவர்களுக்குச் சீட்டு மலிவு. கிளம்பும்முன் விலையை ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளவும். தங்கல் வரியை விடுதியில் தனியாகக் கேட்பார்கள், வாடகையில் சேர்ந்திருக்காது.

ஊர் திரும்பும் நாளில் சான் மார்குவோலாவிலிருந்து அதே 1-ஆம் எண் படகில் எதிர்த்திசையில் பியாத்சாலே ரோமா போய், அங்கே விமான நிலையப் பேருந்தைப் பிடியுங்கள். இருபது, இருபத்தைந்து நிமிடப் பயணம். உங்கள் 72 மணி நேரச் சீட்டு அந்தப் பேருந்துக்குச் செல்லாது, தனியாக எடுக்க வேண்டும். விமானம் அதிகாலையில் என்றால் கடைசி இரவை மட்டும் மெஸ்த்ரே நிலையத்தின் எதிரே தங்கிக்கொள்ளுங்கள். அங்கிருந்தும் விமான நிலையத்துக்கு நேரடிப் பேருந்து உண்டு.