கோவைக்கு மாறினால் 12,000 ரூபாய் சம்பளம் குறைகிறது. போகலாமா?

கேள்வி: வேளச்சேரியில் 24,000 ரூபாய் வாடகைக்கு இருக்கிறோம். சிறுசேரியில் வேலை, போக வர மூன்று மணி நேரம். கையில் வருவது 90,000. சரவணம்பட்டி கிளைக்கு மாறினால் 78,000 ஆகிவிடும், ஆனால் அலுவலகத்துக்குப் பக்கத்திலேயே 15,000-க்கு வீடு கிடைக்கிறது. மனைவி தனியார் பள்ளி ஆசிரியை, சம்பளம் 22,000. மகள் நான்காம் வகுப்பு.

பதில்: கோவையில் செலவு கம்மி என்று எல்லோரும் சொல்வார்கள். அது பெரிதாகத் தெரிவது வாடகையில்தான். மளிகை, பால், சிலிண்டர், பெட்ரோல் விலையில் பெரிய வித்தியாசம் இருக்காது. மின் கட்டணம் மாநிலம் முழுக்க ஒரே விகிதம். பாலக்காட்டுக் கணவாய்க் காற்று அடிக்கும் மாதங்களில் ஏசி ஓடும் நேரம் குறையும், அவ்வளவுதான்.

வாடகையில் 9,000 மிச்சம், சம்பளத்தில் 12,000 நஷ்டம். மாதம் 3,000 துண்டு விழுகிறது. தினசரிப் பயணச் செலவும், கோடையில் தண்ணீர் லாரிக்குக் கொடுக்கும் பங்கும் நின்றால் அதைப் பெரும்பாலும் சரிக்கட்டிவிடலாம். ஆனால் கோவையில் மெட்ரோவோ, சென்னையைப் போல அடிக்கடி ஓடும் புறநகர் மின்சார ரயிலோ கிடையாது. மனைவிக்குத் தனியாக ஒரு ஸ்கூட்டர் வேண்டியிருக்கும், அதையும் கணக்கில் சேருங்கள். பழைய வரிமுறையில் வீட்டு வாடகைப் படிக்கு விலக்கு கோருபவர் என்றால் இன்னொன்று: சென்னைக்கு அடிப்படைச் சம்பளத்தில் 50 சதவீதம் என்ற உச்சவரம்பு கோவைக்கு 40 சதவீதம்தான்.

வீடு பார்க்கப் போகும்போது சமையலறைக் குழாயைத் திறந்து பாருங்கள். குழாய் வாயில் வெள்ளையாக உப்புப் படிந்திருந்தால் அது போர்வெல் தண்ணீர். "நல்ல தண்ணி எத்தனை நாளைக்கு ஒருமுறை வருது?" என்று வீட்டுக்காரரைக் கேட்காதீர்கள், பக்கத்து வீட்டில் கேளுங்கள். சிறுவாணித் தண்ணீரின் பெயர் பெரிது, ஆனால் ஊர் முழுக்க அதுவே வருவதில்லை. அட்வான்ஸ் விஷயத்தில், வேறு மாதிரி ஒப்பந்தம் போடாதவரை மூன்று மாத வாடகைக்கு மேல் கேட்கக் கூடாது என்கிறது 2017-ஆம் ஆண்டு வாடகைச் சட்டம். பத்து மாதம் கேட்டால் இதைச் சொல்லிப் பேசுங்கள்.

பணத்தில் ஏறக்குறைய சமம் என்றால் லாபம் எங்கே? நேரத்தில். மூன்று மணி நேரப் பயணம் 40 நிமிடமாகச் சுருங்கினால், 22 வேலை நாளில் 50 மணி நேரத்துக்கு மேல் உங்கள் கைக்கு வருகிறது. ஒன்பது வயதுக் குழந்தை தூங்குவதற்குள் அப்பா வீட்டில் இருப்பார். இதற்காகவே போகலாம் என்பேன்.

ஆனால் உங்கள் கடிதத்தில் நீங்கள் போகிறபோக்கில் சொன்ன 22,000 தான் எனக்குக் கவலை. மனைவிக்கு அங்கே வேலை கிடைக்க ஆறு மாதம் ஆனால், 1,32,000 ரூபாய் போய்விடும். தனியார் பள்ளிகள் ஜூனுக்கான ஆசிரியர்களைக் கோடை விடுமுறைக்கு முன்பே தேட ஆரம்பித்துவிடும். அதனால் இப்போதே விண்ணப்பிக்கச் சொல்லுங்கள். நிறுவனத்திடம் மாற்றத்தை மே மாதத்துக்குத் தள்ளிக் கேளுங்கள். மகளின் படிப்பும் நடுவில் அறுபடாது.