லாரல்-ஹார்டி குறும்படங்களில் எதை முதலில் பார்ப்பது, எந்தப் பிரதியில் பார்ப்பது?

ஸ்டான் லாரல், ஆலிவர் ஹார்டி என்ற ஹாலிவுட் நகைச்சுவை ஜோடியின் குறும்படங்களில் சிறந்தவை எவை, ரசிகர்கள் ஏன் ஆளுக்கொரு வரிசை தருகிறார்கள், எந்தப் பிரதியை வாங்கலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். மூன்றும் ஒரே கேள்விதான் என்று நினைக்கிறேன். நாம் பார்க்கக் கிடைத்த பிரதி எப்படிப்பட்டது என்பதை வைத்துத்தான் நம் வரிசையும் அமைகிறது.

முதலில் என் வரிசை. முதலிடம் 1929-இல் வந்த 'பிக் பிசினஸ்' என்ற மௌனப் படத்துக்கு. கலிபோர்னியாவின் நல்ல வெயிலில் இருவரும் வீடு வீடாகக் கிறிஸ்துமஸ் மரம் விற்கப் போகிறார்கள். வீட்டுக்காரர் ஜேம்ஸ் ஃபின்லேசன் வேண்டாம் என்று சொல்லிக் கதவைச் சாத்துகிறார். கதவிடுக்கில் மரக்கிளை மாட்டிக்கொள்கிறது. அதை எடுக்க மறுபடி மணி அடிக்கிறார்கள், மறுபடி மாட்டிக்கொள்கிறது. கடைசியில் அவர் இவர்களுடைய காரைப் பிரித்து எறிகிறார், இவர்கள் அவருடைய வீட்டை நொறுக்குகிறார்கள். இதில் அழகு எங்கே என்றால், ஒருவர் உடைக்கும்போது மற்றவர் தடுப்பதில்லை. பொறுமையாக நின்று முழுவதையும் பார்த்துவிட்டு, பிறகு தன் முறையை எடுத்துக்கொள்கிறார். இவ்வளவு கோபத்திலும் ஒரு மரியாதை இருக்கிறது. அந்த மரியாதை இல்லாவிட்டால் அது வெறும் அடிதடிதான். ஒளிப்பதிவு ஜார்ஜ் ஸ்டீவன்ஸ், பின்னாளில் பெரிய இயக்குநர் ஆனவர்.

தயாரிப்பாளர் ஹால் ரோச், படப்பிடிப்புக் குழு தவறுதலாக வேறொருவர் வீட்டை உடைத்துவிட்டது என்று பல காலம் சொல்லிவந்தார். ஸ்டான் லாரல் அதை மறுத்தார். ரசிகர்கள் கூடினால் இந்த வழக்கு இன்றும் நடக்கும். நான் லாரல் பக்கம். ஒவ்வொரு சிரிப்பையும் அளந்து வைத்தவர் அவர், வீட்டு விலாசத்தில் கோட்டை விட்டிருக்க மாட்டார்.

இரண்டாவது 'தி மியூசிக் பாக்ஸ்', 1932. பெட்டியில் அடைத்த பியானோவை நீளமான படிக்கட்டில் ஏற்றுகிறார்கள், அது உருண்டு இறங்குகிறது, மறுபடி ஏற்றுகிறார்கள். நகைச்சுவைக் குறும்படத்துக்கான ஆஸ்கர் விருதை முதன்முதலில் வாங்கிய படம். ஒருவழியாக மேலே கொண்டுபோய்ச் சேர்த்த பிறகு, பின்பக்கமாக வண்டிச் சாலையே இருக்கிறது என்று தபால்காரர் சொல்கிறார். உடனே இருவரும் பியானோவைக் கீழே இறக்கி, வண்டியில் ஏற்றி, சாலை வழியாகக் கொண்டுபோகிறார்கள். என் கணக்கில் அந்த ஜோடியின் ஆகச் சிறந்த நகைச்சுவைக் கட்டம் இதுதான். லாஸ் ஏஞ்சல்ஸின் சில்வர் லேக் பகுதியில் அந்தப் படிகள் இன்னும் இருக்கின்றன. ரசிகர்கள் தேடிப்போய் ஏறிப் பார்க்கிறார்கள்.

மூன்றாவது 'ஹெல்ப்மேட்ஸ்'. மனைவி ஊரில் இல்லாதபோது விருந்து நடத்தி வீட்டை அலங்கோலமாக்கிய ஹார்டி, அவள் திரும்புவதற்குள் சுத்தம் செய்ய லாரலைக் கூப்பிடுகிறார். வீடே எரிந்துபோகிறது. சாம்பலுக்கு நடுவே நாற்காலியில் உட்கார்ந்து, கிளம்பும் லாரலிடம் கதவைச் சாத்திவிட்டுப் போ என்கிறார் ஹார்டி. கூரை இல்லாத வீட்டுக்குள் மழை கொட்ட ஆரம்பிக்கிறது. அடுத்து, படகு வாங்கித் தாங்களே மீன் பிடித்து விற்க நினைக்கும் 'டோவ்ட் இன் எ ஹோல்'. அப்புறம் மாலுமி வேடத்தில் ஒரு சாலை முழுக்கக் கார்களை நொறுக்கும் 'டூ டார்ஸ்'. நண்பர்கள் பலர் 'ஹாக் வைல்ட்', 'பிஸி பாடீஸ்' இரண்டையும் இதற்கு மேலே வைப்பார்கள். அவர்களோடு எனக்குச் சண்டை இல்லை.

சரி, பிரதி விஷயத்துக்கு வருகிறேன். இதற்கு 'தி பேட்டில் ஆஃப் தி செஞ்சுரி'யை விடச் சிறந்த உதாரணம் கிடையாது. 1927 கடைசியில் வந்த இரண்டு ரீல் படம். முதல் ரீலில் குத்துச்சண்டை, இரண்டாவது ரீலில் ஒரு தெரு முழுக்க 'பை' (pie, மாவுக்குள் பழம் வைத்துச் சுட்ட பண்டம்) எறியும் சண்டை. படம் வெளிவந்து சில பத்தாண்டுகளில் காணாமல் போய்விட்டது. ராபர்ட் யங்சன் என்பவர் 1957-இல் பழைய நகைச்சுவைப் படங்களைத் தொகுத்து ஒரு படம் எடுத்தார். அதில் இந்தச் சண்டையிலிருந்து சில நிமிடங்களைச் சேர்த்தார். அந்தச் சில நிமிடங்களை மட்டும் பார்த்துவிட்டு, திரையின் மகத்தான பைச் சண்டை என்று உலகம் முழுக்க ரசிகர்கள் முடிவுகட்டினார்கள். 1970களின் இறுதியில் முதல் ரீல் கிடைத்தது. இரண்டாவது ரீல் 2015-இல்தான் வந்தது. யங்சனிடமிருந்து இன்னொரு சேகரிப்பாளருக்குப் போய், அங்கிருந்து ஜான் மிர்சாலிஸ் என்ற சேகரிப்பாளர் கைக்கு வந்த பெட்டிகளில் அது இருந்தது.

முழு ரீலைப் பார்த்தபோது எனக்கு அது வேறு படமாகவே தெரிந்தது. துண்டுக் காட்சியில் பை மேல் பையாகப் பறக்கிறது. முழுப்படத்திலோ ஆரம்பம் நிதானம். வாழைப்பழத் தோலில் வழுக்கி விழுந்த பை வியாபாரி ஒரு பையை எறிகிறார். அடிபட்டவர் முகத்தைத் துடைக்கிறார், யோசிக்கிறார், நடந்துபோய் ஒரு பையை எடுக்கிறார். குறி தப்பி வேறொருவர் மேல் விழுகிறது. இப்படித்தான் தெரு முழுக்கப் பரவுகிறது. 'பிக் பிசினஸ்' படத்தின் அந்த முறைவைத்து அடிக்கும் ஒழுங்கு இங்கேயே பிறந்துவிட்டது என்பது முழு ரீலில்தான் புரிகிறது. அதன் பிறகு என் வரிசையில் அது மேலே ஏறியது. சேகரிப்பாளர்களை வெறும் பொழுதுபோக்குக்காரர்கள் என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வருவதற்குக் காரணம் இதுதான். ஸ்டுடியோ காப்பாற்றாததைத் தனி ஆட்கள் வீட்டு அலமாரியில் வைத்துக் காப்பாற்றியிருக்கிறார்கள்.

அயோவா மாநிலத்தின் டேவன்போர்ட் நகரில் பிளாக்ஹாக் ஃபிலிம்ஸ் என்ற நிறுவனம் இந்தப் படங்களை 8 எம்எம், 16 எம்எம் சுருள்களாகத் தபாலில் விற்றது. வீடியோ காலத்துக்கு முன் அமெரிக்க ரசிகர்களில் பெரும்பாலோர் சேகரிக்கத் தொடங்கியது அங்கேதான். 1965-இல் நியூயார்க்கில் தொடங்கிய 'சன்ஸ் ஆஃப் தி டெசர்ட்' என்ற ரசிகர் சங்கம் இன்னும் நடக்கிறது. கிளைகளை 'கூடாரம்' என்று அழைப்பார்கள், பெரும்பாலும் ஒவ்வொன்றுக்கும் ஒரு படத்தின் பெயர். கூட்டத்தில் படம் போட்டுவிட்டு வரிசையைப் பற்றிச் சண்டை போடுவதும் உண்டு, மிக அன்பாக.

தீவிரமாகச் சேகரிப்பவர்கள் பிறமொழிப் பிரதிகளையும் தேடுவார்கள். டப்பிங் முறை வளர்வதற்கு முன், சில குறும்படங்களை ஸ்பானிஷ், பிரெஞ்சு போன்ற மொழிகளில் மறுபடி நடித்தே எடுத்தார்கள். இருவருக்கும் அந்த மொழிகள் தெரியாது, ஒலியை எழுதிவைத்துப் படித்துப் பேசினார்கள். சில ஸ்பானிஷ் பிரதிகள் ஆங்கிலப் படத்தை விட நீளமானவை, ஆங்கிலத்தில் இல்லாத காட்சிகள் அவற்றில் இருக்கின்றன. ஆரம்பத்திலேயே இவற்றுக்குப் போக வேண்டாம், ஆங்கிலத்தில் மனப்பாடம் ஆன பிறகு பாருங்கள்.

வாங்கும்போது கவனிக்க வேண்டியது இது. 1927, 1928, 1929 ஆண்டுகளின் படங்களுக்கு அமெரிக்காவில் காப்புரிமை முடிந்துவிட்டது. அதனால் மங்கலான பிரதிகள் இணையத்தில் குவிந்து கிடக்கின்றன. மௌனப் படத்தைத் தவறான வேகத்தில் ஓட்டினால் லாரலின் தயக்கம் காணாமல் போய்விடும். சிரிப்பே அந்தத் தயக்கத்தில்தான் இருக்கிறது. 1980களில் வண்ணம் பூசிய பதிப்புகளை ஒதுக்கிவிடுங்கள். பேசும் படங்களுக்கு 2020-இல் வந்த 'டெஃபினிட்டிவ் ரெஸ்டொரேஷன்ஸ்' ப்ளூரே அருமை. 'தி மியூசிக் பாக்ஸ்', 'ஹெல்ப்மேட்ஸ்' இரண்டும் அதில் உண்டு, 'தி பேட்டில் ஆஃப் தி செஞ்சுரி'யும் உண்டு. 1927-இன் மௌனப் படங்களுக்கு ஃப்ளிக்கர் ஆலி நிறுவனம் வெளியிட்ட 'இயர் ஒன்' தொகுப்பு. எதை வாங்கினாலும் தொடக்கத் தலைப்புகள் அசலா, மறுவெளியீட்டில் ஒட்டியவையா என்று பாருங்கள். தலைப்பை மாற்றியவர்கள் உள்ளே வெட்டியும் இருக்கலாம்.

பியானோ படத்துக்கு முன்னோடியாக 1927-இல் துணி துவைக்கும் இயந்திரத்தை வைத்து எடுத்த 'ஹேட்ஸ் ஆஃப்' இன்றுவரை கிடைக்கவில்லை. உங்களுக்குத் தெரிந்த யாரிடமாவது பழைய ஃபிலிம் பெட்டிகள் இருந்தால், எடைக்குப் போடுவதற்கு முன் ஒருமுறை திறந்து பார்க்கச் சொல்லுங்கள்.