பிறந்த இரட்டைக் குழந்தைகளை வைத்துக்கொண்டு அன்றாடத்தை எப்படிச் சமாளிப்பது?

ஒன்று தூங்கினால் இன்னொன்று எழுந்துவிடுகிறது, பால் கொடுப்பதிலேயே நாள் போகிறது என்கிறீர்கள். அது மிகையில்லை. பச்சைக்குழந்தை ஒரு நாளில் 8 முதல் 12 முறை பால் குடிக்கும். இரண்டுக்கும் தனித்தனியாகக் கொடுத்தால் குறைந்தது 16 முறை.

அதனால் முதலில் இருவரின் நேரத்தையும் ஒன்றாக்குங்கள். ஒன்று பசித்து எழுந்தால், தூங்குகிற மற்றதையும் எழுப்பிக் கொடுங்கள். தூங்கும் பிள்ளையை எழுப்பக் கூடாது என்று பெரியவர்கள் சொல்வார்கள்தான். இரட்டையர் வீட்டில் அது கட்டுப்படியாகாது. மடியில் தலையணை வைத்து, கைக்கு ஒன்றாக, கால்கள் உங்கள் முதுகுப் பக்கம் போகும்படி இடுக்கிக்கொண்டால் ஒரே நேரத்தில் இருவரும் குடிக்கலாம். சிசேரியன் தையலிலும் பாரம் விழாது. பழகும்வரை ஒருவர் பக்கத்தில் இருந்து தூக்கிக் கொடுக்க வேண்டும்.

யார் எப்போது குடித்தது, எத்தனை முறை சிறுநீர் போனது என்பதை ஒரு நோட்டில் குறியுங்கள். விடிகாலை மூன்று மணி ஞாபகத்தை நம்ப முடியாது. முதல் வாரத்துக்குப் பிறகு ஒவ்வொன்றும் நாளுக்கு ஆறு முறையாவது சிறுநீர் போனால் பெரும்பாலும் பால் போதுகிறது என்று அர்த்தம். குறைமாதக் குழந்தைகள் என்றால் மருத்துவர் சொல்லும் எடைக் கணக்கே முக்கியம்.

இரவில் ஒரு வேளையாவது, எடுத்து வைத்த தாய்ப்பாலை அப்பா பாலாடையில் புகட்டட்டும். பார்க்க வருகிற சொந்தக்காரர்கள் கொஞ்சியது போதும், அப்புறம் துணியை மடித்து வைக்கச் சொல்லுங்கள். அம்மாவுக்கு அழுகையும் சோர்வும் இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் அசதி என்று விட்டுவிடாமல் மருத்துவரிடம் காட்டுங்கள்.