ஓராண்டா, நான்கு மாதம் பத்து நாளா?

கேள்வி: கணவரை இழந்த என் அக்கா நான்கு மாதம் பத்து நாள் இத்தா (விதவை மறுமணம் செய்யாமல் காத்திருக்கும் காலம்) இருக்கிறார். தமிழ்க் குர்ஆனில் ஓராண்டு என்றும் ஒரு வசனம் இருக்கிறதே? மதரஸா உஸ்தாத், ‘அது மாற்றப்பட்டது’ என்கிறார். அப்படியானால் அது ஏன் இன்னும் ஓதப்படுகிறது?
– வாசகி, கொழிஞ்சாம்பாறை

பதில்: நீங்கள் குறிப்பிடும் இரண்டும் அல்பகரா அத்தியாயத்தில் உள்ளவை: 234ஆம் வசனம் நான்கு மாதம் பத்து நாள் என்கிறது; 240ஆம் வசனம், விதவைக்கு ஓராண்டுப் பராமரிப்புக்கும் வீட்டை விட்டு வெளியேற்றப்படாமல் இருப்பதற்கும் மரண சாசனம் செய்யச் சொல்கிறது. முந்தைய எண்ணுள்ள வசனம் பிந்தையதை மாற்றுவது எப்படி என்று குழம்ப வேண்டாம். குர்ஆனின் வரிசை, வசனங்கள் அருளப்பட்ட கால வரிசை அன்று. சட்டம் நீங்கினாலும் ஓதுதல் நீங்காத இவ்வகையை அறிஞர்கள் ‘நஸ்க்’ (ஒரு வசனத்தின் சட்டம் மாற்றப்படுதல்) என்பதன் ஒரு பிரிவாகக் கொள்கின்றனர். அதற்கு அதே அத்தியாயத்தின் 106ஆம் வசனத்தை ஆதாரமாகக் காட்டுவர்.

எத்தனை வசனங்கள் மாற்றப்பட்டன என்பதில்தான் பெரும் சர்ச்சை. முற்காலத்தவர் நூற்றுக்கும் மேல் எண்ணினர் (பொது விதிக்கு விலக்குச் சொன்னதையும் அவர்கள் இதில் சேர்த்துக்கொண்டது ஒரு காரணம்). 1505இல் மறைந்த இமாம் சுயூத்தி அதைச் சுமார் இருபதாகக் குறைத்தார். 18ஆம் நூற்றாண்டில் டெல்லி அறிஞர் ஷா வலியுல்லாஹ் ஐந்தே என்றார். அந்த ஐந்தில் உங்கள் வசனமும் ஒன்று.

ஆயினும் முஜாஹித் என்னும் ஆரம்பகால விரிவுரையாளர், இத்தா நான்கு மாதம் பத்து நாளே, எஞ்சிய மாதங்கள் விதவை விரும்பினால் அவ்வீட்டில் தங்குவதற்கான உரிமை என்று இரண்டையும் இணைத்தார். பெரும்பான்மையோர் இதை ஏற்கவில்லை என்றாலும், எனக்கு இவ்விளக்கம் பொருத்தமாகவே தோன்றுகிறது. எப்படிக் கொண்டாலும் உங்கள் அக்காவின் இத்தாக் கணக்கு மாறாது.